சூடு தெரியாத கால்

பிள்ளைகளா, நீங்கள் மில்லு மாமா என்று கூப்பிடுகிறீர்களே, அவருக்குச் சுகர் வந்து பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. போன வருஷம் முள் குத்தியது தெரியாமல் புண்ணாகி ஒரு விரலை எடுத்தார்கள். இன்னொரு புண் வந்தால் பாதமே போய்விடும் என்றார் டாக்டர். அதிலிருந்து வீட்டில் அவரைத் தெருமுனை தாண்ட விடவில்லை. ஒரே ஒரு நாள் பழையபடி நடக்கணும் என்று அவர் கெஞ்சியதால்தான், நானும் எங்கள் கூட்டாளி லோடு ஆட்டோ மாமாவும் அவரோடு பரளச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி, காட்டு வழியாகத் திருச்சுழிக்குக் கிளம்பினோம்.

காலையெல்லாம் நல்ல நடை. பருத்தி எடுத்து முடிந்த கரிசல் வெடித்துக் கிடந்தது. டாக்டர் வாங்கச் சொன்ன தடித்த ரப்பர் செருப்பில் அவர் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பதை, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நடக்கிறான் என்று லோடு ஆட்டோ மாமா வழிநெடுகக் கிண்டல் செய்தார்.

உச்சி வெயிலுக்கு ஒரு கண்மாய்க்குள் இறங்கினோம். தண்ணீர் இல்லை. சீமைக்கருவேலம் தலைக்கு மேல் அடைத்து நின்றது. உள்ளே போனதும் சத்தமெல்லாம் நின்றுபோனது. காக்கா இல்லை, ஆட்டு மணி இல்லை. வளைவில் அய்யனாரின் மண்குதிரைகள். ஒன்றுக்குத் தலை விழுந்து, கழுத்துக்குள் இருட்டாக இருந்தது. முதல் குதிரையிலிருந்து எதிர்க்கரை வரை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மில்லு மாமாவைப் போட்டுக்கொண்டே வரச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முள்ளுக்குப் பயந்து தரையையே பார்த்தபடி முன்னால் போனார்.

மரம் வெட்டிய திறந்த இடம் ஒன்று வந்தது. சாம்பல் நிறப் புழுதி, ஒரு முள்கூட இல்லை. அவர் அதன் நடுவே போய் எங்கள் பக்கம் திரும்பி நின்றார். ஓரத்தில் கால் வைத்த நான் துள்ளிப் பின்னால் வந்துவிட்டேன். தரை சுட்டது. வெயில் சூடு இல்லை. அடியிலிருந்து ஏறுகிற சூடு. அவருக்குப் பக்கத்தில் கிடந்த காய்ந்த இலை மெதுவாகச் சுருண்டு கறுத்தது. நூல் மாதிரிப் புகை ஒன்று அவர் முழங்காலைத் தாண்டி எழும்பியது. அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

“ஏலே, என்ன அங்கனயே நின்னுட்டீங்க?”

அங்கே நிற்பது நம்ம ஆள்தானா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“கரிமூட்டம் போட்ட இடம்லே அது. வெளிய வா,” என்றார் லோடு ஆட்டோ மாமா.

விறகை அடுக்கி மண் மூடி எரித்துக் கரி எடுப்பார்கள். கரியை அள்ளிப் போன பிறகும் அடியில் கங்கு கிடக்கும். மேலே பார்த்தால் வெறும் புழுதிதான்.

அவர் வெளியே வந்ததும் உட்கார வைத்து, கையிலிருந்த தண்ணீரையெல்லாம் பாதத்தில் ஊற்றினோம். லோடு ஆட்டோ மாமா அந்தக் காலை மடியில் தூக்கி வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். மில்லு மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“போயிருச்சா?” என்று மட்டும் கேட்டார்.

சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. நான் செருப்பை மாட்டப் போனேன். அய்யனார் எல்லை என்று காலை இழுத்துக்கொண்டார்.

“அவுகளுக்குக் குதிரை இருக்கு. ஒனக்கு இந்தச் செருப்புதாம்லே இருக்கு. கேட்டா என் பேரச் சொல்லு,” என்றார் லோடு ஆட்டோ மாமா.

மில்லு மாமா செருப்போடும் நாங்கள் வெறுங்காலோடும் எதிர்க்கரை வரை நடந்தோம். அந்தக் காட்டில் கேட்ட ஒரே சத்தம் அந்தச் செருப்புச் சத்தம்தான். தலையில்லாத குதிரை முதுகுக்குப் பின்னால் நிற்பது தெரிந்துகொண்டே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டில் ஏறியதும் ஷேர் ஆட்டோவை நிறுத்தினோம். அவர் ஏற மறுத்து, திருச்சுழி வரை நடந்தே வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா நன்றாகப் பார்த்துவிட்டு, தோலில் புண் இல்லை, ஆனால் தினமும் பார்க்கணும் என்று திட்டி மருந்து போட்டார்கள்.

வெளியே வந்து சீனி போடாத டீயைக் குடித்துக்கொண்டே, அவர் தன் உள்ளங்காலை வேறு யாருடையதையோ தொடுவது போல விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“நல்ல நடைலே,” என்றார்.