பத்தொன்பது பலூன்கள்

"சார், உங்க கேம்ல ஸ்கோர் ஏறுது, கை ஏறல. ஒருக்கா வந்து பாருங்க."

சிதம்பரத்தில் ஒரு பிசியோதெரபி மையத்தை நடத்தும் மேடத்தின் போன். 2010 என்று நினைவு. கடலூர் முதுநகரில் நாங்கள் மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே ஏழெட்டு முறை போய்வந்த அலுப்போடு மறுபடியும் பஸ் ஏறினேன்.

கேம் எளிமையானதுதான். வெப்கேமரா முன் உட்காரும் நோயாளி திரையில் தன்னையே பார்ப்பார். பக்கத்தில் பலூன் வரும். கையைத் தூக்கித் தொட்டால் உடையும். ஆனால் கை எது, கால் எது என்று எங்கள் புரோகிராமுக்குத் தெரியாது. கேமரா அடுத்தடுத்து எடுக்கும் இரண்டு படங்களை, அதாவது ஃபிரேம்களை, ஒப்பிடும். பலூன் இருக்கும் கட்டத்துக்குள் ஏதாவது புள்ளி மாறியிருந்தால் கை தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் வித்தை அவ்வளவுதான்.

மேடம் காட்டிய நோயாளி ஸ்டெல்லா டீச்சர். அவருக்குப் பக்கவாதத்தில் இடது கை விழுந்திருந்தது. நான் போனபோது அவர் ஸ்கோர் பத்தொன்பது.

"ஜூன்ல ஸ்கூல் தொறக்குது சார். வந்துடுறேன்னு நாளைக்கு எழுதிக் குடுக்கப் போறேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

இன்னொரு தடவை ஆடச் சொல்லி, திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். கை மடியை விட்டு எழவே இல்லை. டேபிள் ஃபேன் காற்றில் இடது தோள் முந்தானை பறந்து பறந்து பலூனை உடைத்துக்கொண்டிருந்தது. கடலூரில் டெஸ்ட் செய்த நாங்கள் மூவரும் சட்டை போட்ட ஆண்கள். புடவை என்று ஒன்று இருப்பதே எங்கள் மண்டையில் உதிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். டீச்சர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஃபேன நிறுத்துங்க" என்றார். நெற்றி வியர்க்க வியர்க்க ஆடினார். கை நடுங்கி நடுங்கி மேலே வந்தது. இரண்டு உடைந்தது.

"இது ரெண்டும் என்னுதுதான?"

"உங்களுதுதான் டீச்சர்."

"அப்ப ரெண்டுலேர்ந்து போடுங்க" என்றவர், மேடத்திடம் திரும்பி, "லீவு லெட்டர் எழுதணும், ஒரு பேப்பர் குடும்மா" என்றார்.

அடுத்த வாரமே மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டி, அந்த நிறம் தொட்டால் மட்டும் உடையும்படி மாற்றினோம். இப்போதும் ஜூனியர்கள், "மூவ்மெண்ட் நல்லா டிடெக்ட் ஆவுது சார்" என்று ஓடி வருவார்கள். எது அசைந்தது என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும், "போய்ப் பாத்துட்டு வர்றோம் சார்" என்பார்கள்.