கிராணியம்மா காட்டிய மலாக்கா

நான் மலாக்கா டவுனில் பிறந்து வளர்ந்தவள். பிள்ளையார் கோயிலுக்கு எதிரே அப்பா பூக்கடை வைத்திருந்தார். மெர்லிமாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது மலாயாவில் அவசரகாலம் தொடங்கிச் சில வருடம் ஆகியிருந்தது. தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி. சாயங்காலம் கேட்டைப் பூட்டினால் விடியும்வரை யாரும் வெளியே போக முடியாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வேலிக்கு வெளியே விடமாட்டார்கள்.

எங்கள் வீடு ஆபீசை ஒட்டியிருந்தது. ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் பெண்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். வழியில் கண்டால் ஒதுங்கி நின்று "கிராணியம்மா" என்பார்கள். அதற்குமேல் பேச்சு வளர்ந்ததில்லை. ஒருநாள் அவர்களில் ஒரு அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இடுப்பில் அவருடைய கடைசிப் பெண், மூன்று வயதுக் குழந்தை.

"நீங்க டவுனுல பொறந்தவங்களாமே. வர்ற பௌர்ணமி ஞாயித்துக்கெழமைல வருது. எங்கள கோயில் கோயிலா கூட்டிட்டுப் போய்க் காட்டுறீங்களா? தொரைகிட்ட ஐயா சொன்னா உடுவாரு."

எனக்கும் அந்தத் தெருக்களைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. சரி என்றேன். கணவர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் பேசி அனுமதி வாங்கினார். கேட் பூட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது கட்டளை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பன்னிரண்டு பெண்கள் பட்டுச்சேலையும் கனகாம்பரமுமாகக் கேட்டருகே கூடிவிட்டார்கள். மலாய்க் கான்ஸ்டபிள் எல்லோருடைய ஐ.சி. அடையாள அட்டையையும் பார்த்தான். பிறகு கூடைகளைக் கிளறினான். தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் தப்பின. அக்காவின் கூடையில் ஒரு சின்ன முடிச்சு அகப்பட்டது.

"பெராஸ்?" என்றான்.

"பச்சரிசி லா, தம்பி. சாமிக்கு."

"சாமிக்கும் பெராஸ் தக் போலே, கூடாது," என்று சிரித்துக்கொண்டே முடிச்சை எடுத்து வைத்துக்கொண்டான்.

"நம்ம பிள்ளையாருக்கும் ரேஷன் போட்டுட்டானுங்க," என்றார் அக்கா. பஸ் ஏறும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

டவுனில் இறங்கி ஆற்றுப் பாலத்தைக் கடந்து, தங்க ஆசாரிகள் கடை வைத்திருந்த தெருவுக்குள் நுழைந்தோம். அப்பா காலமான பிறகு எங்கள் கடை வேறு கைக்கு மாறியிருந்தது. ஆனாலும் பூ வாசனை அதே இடத்தில்தான் இருந்தது. கோயிலுக்குள் மலாய்ப் பெண்கள் உடுத்தும் சாரோங்கும் கெபாயாவும் அணிந்த இரண்டு பெண்கள் தீபாராதனையைத் தொட்டு ஒற்றிக்கொண்டு, மலாய் மொழியிலேயே ஏதோ முணுமுணுத்து வேண்டினார்கள். எங்கள் கூட்டம் சாமியை விட்டுவிட்டு அவர்களையே பார்த்தது.

"என்னங்க இது, மலாய்க்காரி துன்னூறு பூசுறா?" என்று ஒருத்தி என் காதில் கேட்டாள்.

"அவங்க மலாக்கா செட்டிங்க. நம்ம ஆளுங்கதான். பல தலைமுறைக்கு முன்னாடி கப்பல்ல வந்து இங்கயே தங்கிட்டாங்க. பேச்சு மாறிப்போச்சு, சாமி மாறல."

அவர்களில் மூத்தவள் எங்களைப் பார்த்துச் சிரித்து, தன் தட்டிலிருந்த வாழைப்பழத்தை அக்காவின் குழந்தையிடம் கொடுத்தாள்.

அதே தெருவில் சற்றுத் தள்ளிப் பள்ளிவாசல். அடுக்கடுக்கான கூரையும் சீனக் கோபுரம் போன்ற மினாராவும் உள்ள அதைப் பள்ளிவாசல் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. குழந்தை ராத்திரியில் திடுக்கிட்டு அழுகிறாள், ஓதி ஊதினால் நல்லது என்றார் அக்கா. வாசலில் நின்றோம். தொழுகை முடித்து வந்த ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். ஒரு குவளைத் தண்ணீரில் ஓதி ஊதி, குழந்தையின் முகத்தில் இலேசாகத் தெளித்தார்.

"மிச்சத்த வீட்டுல குடிக்கக் குடு, தாயி. எந்தத் தோட்டம்?"

சொன்னோம். "அங்கெல்லாம் ஒண்ணும் பயமில்லியே?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல், "அல்லா காப்பாத்துவான்," என்றார்.

என் கணக்கில் அடுத்தது சாப்பாட்டுக் கடை. அக்கா என் கையைப் பிடித்தார்.

"சீனங் கோயிலுக்கும் போவமா, கிராணியம்மா?"

"அங்க நமக்கு என்னக்கா இருக்கு?"

"அவங்களுக்கும் இன்னிக்கு பதினஞ்சாம் நாளு. சனங்க வரும். எனக்கு ஒருத்தியப் பாக்கணும். இருக்காளோ இல்லியோ, தெரியல."

நடந்துகொண்டே சொன்னார். தோட்டத்து ஓரத்தில் கீரையும் சாவி என்னும் கடுகுக்கீரையும் போட்டுப் பிழைத்த சீனப் பெண் ஒருத்தி இருந்தாள். நான் அங்கு வாழப்போவதற்கு முந்தைய கதை அது. இந்தக் குழந்தை பிறந்த அன்று ஊரடங்கு. ஆஸ்பத்திரி லோரி வரவில்லை. அப்போது வேலி இவ்வளவு நெருக்கமாக இல்லை. அந்தப் பெண் தோட்டத்துக்குள் ஓடிவந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளையை எடுத்துக் கையில் கொடுத்தாள். சில மாதம் கழித்து ஒரு காலையில் பட்டாளம் வந்து, அந்த ஓரத்துச் சீனக் குடும்பங்களை எல்லாம் லோரியில் ஏற்றிக்கொண்டு போனது. குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்க அக்காவுக்கு ஆளில்லை.

சீனக் கோயில் முற்றம் ஊதுபத்திப் புகையில் மங்கியிருந்தது. எங்கள் பெண்கள் கூரைமேல் பதித்திருந்த பீங்கான் பூக்களையும் டிராகன்களையும் அண்ணாந்து பார்த்தார்கள். அக்கா மட்டும் மண்டியிட்டிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று. கடைசியில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "இல்லீங்க, கெளம்பலாம்," என்றார்.

நாங்கள் வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, கையில் ஆரஞ்சுப் பழங்களோடு கறுப்புச் சிலுவார் கால்சட்டை அணிந்த ஒரு பெண் தெருவிலிருந்து படியேறினாள். அக்காவைத் தாண்டிப் போனவள் நின்று திரும்பினாள்.

"தங்கச்சி?"

அக்கா செருப்பை விட்டுவிட்டு எழுந்தார். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி அவள் முன்னால் நிறுத்தினார், அவ்வளவுதான். அந்தப் பெண் பழங்களைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டாள். "நான் எடுத்த பிள்ள," என்று எங்கள் எல்லோரிடமும் சொன்னாள். தோட்டத்தோரம் வாழ்ந்து பழகிய தமிழ் அது. பாதிக்கு மேல் நன்றாகவே இருந்தது.

"எங்க இருக்கே?" என்று கேட்டார் அக்கா.

"புது கம்போங்ல, பட்டாளம் கட்டுன புது ஊருல. வீடு இருக்கு. கம்பி இருக்கு. ஒனக்கும் கம்பி, எனக்கும் கம்பி."

"உங் கோழி ரெண்டு எங்க வேலிக்குள்ள ஓடி வந்துச்சு. புடிச்சு வச்சேன். இப்ப குஞ்சும் குட்டியுமா லயம் முழுக்கத் திரியுது. ஒண்ணக்கூட அறுக்கல."

"ஏன் அறுக்கல? சாப்பிடு லா," என்று அவள் அக்காவின் தோளில் தட்டினாள். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அழுதார்கள் என்றும் சொல்லலாம்.

அவள் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்து எங்களோடேயே நடந்தாள். சாப்பாட்டுக் கடையில் இலை போட்டு உட்கார்ந்து ரசம் கேட்டு வாங்கிக் குடித்தாள். மறுபடி பாலத்தைக் கடந்து குன்றின் மேல் ஏறினோம். உச்சியில் கூரையில்லாத பழைய மாதா கோயில், சுவரோரம் சாத்தி நிறுத்திய பெரிய பெரிய கல்லறைக் கற்கள், கீழே கடல். போர்த்துகீசியர் கட்டியது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தி கேட்டாள்:

"கூரையே இல்லியே, சாமி இன்னும் இருக்குமா?"

"காத்து வருது பாரு, இருக்கும்," என்றாள் சீனப் பெண். கற்களின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து எல்லோரும் ஆரஞ்சு உரித்துத் தின்றோம். குழந்தை அந்தப் பெண்ணின் மடியில் தூங்கிப்போனாள்.

அவளுடைய பஸ் முதலில் வந்தது. அவளுக்கும் கேட் பூட்டும் நேரம் உண்டு. பௌர்ணமி எப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் இங்கேயே பார்ப்பது என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். சொன்னபடி பலமுறை பார்த்தார்கள். துரை ஒவ்வொரு தடவையும் முகம் சுளித்தாலும் விட்டுவிடுவார். வழிகாட்ட நான்தான் போனேன்.

அந்த முதல் நாள் சாயங்காலம் தோட்டத்துக்குள் நுழைந்து பிரியும்போது அக்கா, "நாளைக்கு எங்க வீட்டுல ஒரு வாய் கோப்பி குடிக்க வருவீங்களா?" என்று கேட்டார். கிராணி வீட்டுப் பெண்கள் லயத்துக்குப் போய் உட்காரும் வழக்கம் இல்லை. கணவரிடம் கேட்டேன். அவர், "போய்ட்டு வாயேன்," என்றார். மறுநாள் மரம் வெட்டி முடித்து அக்கா திரும்பிய நேரத்துக்கு நான் லயத்தில் இருந்தேன். ஒரு பலகையைத் துடைத்துப் போட்டார். பெரிய டின் குவளையில் கோப்பி சுடச்சுட, சர்க்கரை தூக்கலாக இருந்தது. சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தோம்.