சைலன்சருக்குள் போன சாம்பிராணிப் புகை

1. மூன்றும் சரி, ஓட்டம் இல்லை

பெட்ரோல் இன்ஜின் ஓடுவதற்கு மூன்று விஷயம் வேண்டும். பெட்ரோல் ஏற வேண்டும், கம்ப்ரஷன் நிற்க வேண்டும், நேரத்துக்கு ஸ்பார்க் விழ வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் எங்கள் இன்ஜினில் மூன்றும் இருந்தன. ஆனாலும் அது ஓடவில்லை. ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கடைசிவரை படியுங்கள்.

இடம், நெய்வேலி டவுன்ஷிப்பில் என் குவார்ட்டர்ஸின் பின்பக்க வராந்தா. நான் முத்தாண்டிக்குப்பத்துக்காரன், மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் டோசர் இன்ஜின் பிரித்துப் பூட்டும் ஃபிட்டர். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் லிங்கம் திருநெல்வேலிப் பக்கம், தெர்மல் பவர் ஸ்டேஷனில் மோட்டார் செக்‌ஷன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஷிப்ட் முடிந்து வந்து இருவருமாகச் சேர்ந்து, ஒரு தேங்காய் அளவே இருக்கும் மூன்று சிலிண்டர் இன்ஜின் ஒன்றைச் செய்தோம். டிசைன் என்னுடையது. கிராங்க், கேம், வால்வு எல்லாவற்றையும் சின்ன லேத்தில் நான் கடைந்தேன். இக்னிஷனும் ஸ்டார்ட்டிங் மோட்டாரும் அவர் பொறுப்பு. மோட்டாரில் ஒரு ரப்பர் சக்கரம் உண்டு. அதை ஃப்ளைவீலில் அழுத்தினால் இன்ஜின் சுற்றும்.

லிங்கம் ரிட்டயர் ஆகியிருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய சனிக்கிழமைக்கு லாரி சொல்லியாகிவிட்டது. ஓடினால் இன்ஜின் அவரோடு ஊருக்குப் போகும் என்பது பேச்சு. ஓடாவிட்டால் என்ன என்பதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

2. சண்டை

குழப்பம் எங்கே என்றால், நான் ஃப்ளைவீலைக் கையால் சுற்றினால் கார்பரேட்டர் ஒழுங்காக உறிஞ்சியது, பெட்ரோல் ஏறியது. லிங்கம் மோட்டாரை வைத்துச் சுற்றினால் ப்ளக் காய்ந்து கிடந்தது. அதே கார்பரேட்டர், அதே பெட்ரோல். ஜெட்டைக் கழற்றி ஊதினேன். வால்வை மறுபடி உட்கார வைத்தேன். கேமைக் கழற்றி, மார்க் பார்த்து, திரும்பப் பூட்டினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. டோசர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவன் என்று ஒர்க்‌ஷாப்பில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இது சத்தமே போடாதபோது நான் எதைக் கேட்பது?

வியாழக்கிழமை லிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"வே ராசு, ஸ்பார்க்கு கண்ணைப் பறிக்கி. ப்ளக்கு காஞ்சுல்லா கெடக்கு? உம்ம கார்பரேட்டருதாம்வே கோளாறு."

"கையால சுத்தனா ஏறுதுங்க. உங்க மோட்டாரு சுத்தனா ஏற மாட்டேங்குது. அப்ப கோளாறு யாருதுங்க?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! இருக்கட்டும்வே. நீரே வச்சிக்கிடும் அந்த இன்ஜினை."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷம் அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. இன்ஜின் ஓடாதது ஒரு பக்கம், இந்த மனிதர் இப்படியே லாரி ஏறிவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம்.

3. வெள்ளிக்கிழமை

மறுநாள் சாயங்காலம் லிங்கம் ஸ்பேனர் செட்டைத் திருப்பித் தருகிற சாக்கில் வந்தார். வழக்கமான இடத்தில், மேஜையின் ஃப்ளைவீல் பக்கம் போய் நின்று மோட்டாரை அழுத்தினார். நான் என் இடத்தில், எதிர்ப்பக்கம், கேம் கியருக்கு நேரே நின்றேன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி கமலா வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டிக்கொண்டு வராந்தாவுக்கும் வந்தாள்.

"ன்னாங்க, பொகை அந்தக் கொழாய்க்குள்ள போய்க்கினு இருக்குது, பாருங்க."

பார்த்தோம். புகை சைலன்சருக்குள் போய்க்கொண்டிருந்தது. வெளியே தள்ள வேண்டிய குழாய் உறிஞ்சியது. உறிஞ்ச வேண்டிய கார்பரேட்டர் வாயிலிருந்து சாம்பிராணிப் புகை மெல்ல வந்தது. இரண்டு பேரும் பேயறைந்தவர்கள் மாதிரி நின்றோம்.

"தலைகீழாச் சுத்துதுங்க" என்றேன். அந்த வேகத்தில் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

"நீரு கிளாக்வைஸ்னுதானவே சொன்னீரு? நான் கிளாக்வைஸ்தான் வுட்டேன், இந்தா இப்பிடி" என்று விரலைச் சுற்றிக் காட்டினார்.

"நானும் கிளாக்வைஸ்தாங்க. இப்பிடி" என்று நானும் சுற்றிக் காட்டினேன்.

பக்கவாட்டில் நின்ற கமலா எங்கள் விரல்களை மாறி மாறிப் பார்த்தாள். "ஆளுக்கொரு பக்கமா சுத்திக்கினு இருக்கீங்களே அண்ணே!"

விஷயம் இவ்வளவுதான். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினை ஃபேன் பக்கம், அதாவது கேம் கியர் பக்கம், நின்று பார்த்துத் திசை சொல்வோம். லிங்கத்தின் செக்‌ஷனில் ஷாஃப்ட் வெளியே வருகிற பக்கம், இங்கே ஃப்ளைவீல் பக்கம், நின்று சொல்வார்கள். இரண்டும் அந்தந்த இடத்தில் சரி. என் வராந்தாவில் ஒரே மேஜையின் இரண்டு முனையில் நின்றுகொண்டு, எதிரெதிர் திசைக்கு ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறோம்.

லிங்கம் மோட்டாரின் இரண்டு ஒயரையும் கழற்றி மாற்றிப் போட்டார். ஸ்பார்க் டைமிங்கைத் துளி திருத்தினார். அழுத்தினார். முதலில் ஒரு சிலிண்டர், பிறகு இன்னொன்று, கொஞ்சம் தயங்கி மூன்றாவது. வராந்தா முழுக்கப் பெட்ரோலும் சாம்பிராணியும் கலந்த வாசனை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

4. தெரிந்துகொண்டது

ஓவர்ஹால் முடிந்த எந்த மிஷினையும், சுற்றும் திசைக்கு அம்புக்குறி போடாமல் நாங்கள் வெளியே விட மாட்டோம். சொந்த இன்ஜினில் போடவில்லை. இரண்டு பேருக்கும்தான் தெரியுமே என்ற நினைப்பு. ஆகவே தெரிந்தவரோடு வேலை செய்யும்போதுதான் அதிகம் கேட்டுக்கொள்ளுங்கள். சண்டை போடுவதற்கு முன், அவர் நிற்கிற இடத்தில் ஒரு தடவை போய் நின்று பாருங்கள்.

சனிக்கிழமை லாரி போயிற்று, இன்ஜினும் போயிற்று. சிவப்புப் பெயிண்டில் அம்புக்குறி போட்டுத்தான் அனுப்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து லிங்கம் போன் செய்தார். "வே, ஓடுது, ஆனா இருமுது. கார்பரேட்டரு ஊசி ஸ்க்ரூவை எந்தப் பக்கம்வே திருப்பணும்?"

"எடது பக்கமா" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். "நீங்க எந்தப் பக்கம் நின்னுகினு இருக்கீங்க?"

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் மேஜையைச் சுற்றி நடந்து போவது கேட்டது.

"இப்ப உம்ம பக்கம் நிக்கேன்வே. சொல்லும்."

சொன்னேன். இருமல் நின்றது. காலியான மேஜை முன் நின்று, மூன்று சிலிண்டரும் ஓடுவதைப் போனிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.