ரூபாவை மிதக்கவிட்ட காலை

பின்னொரு நாளில் டொலரை இன்றைய விலைக்கே வாங்கும் உரிமையை எங்கள் வங்கி இறக்குமதியாளர்களுக்கு விற்றது. அந்த உரிமைக்கு விலை போடும் கணித மாதிரி என் பொறுப்பு. மத்திய வங்கி டொலரின் விலையை நெடுநாள் அசையாமல் பிடித்து வைத்திருந்ததால் மாதிரி மலிவாகவே விலை போட்டது. அந்தப் பிடியை விட்டு ரூபாவை மிதக்கவிட்ட காலையில் டொலர் எகிறிக்கொண்டே போனது; விற்ற ஒவ்வொரு உரிமையிலும் வங்கிக்கு நட்டம். மேலாளர் என் மேசைக்கு வந்தார்.

"மொடல் என்ன சொல்லுது?"

"இப்பிடி நடக்காதெண்டு சொல்லுது, சேர்."

மேலாளர் நட்டக் கணக்கை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

டீசல் இல்லாததால் பஸ் இல்லை, கொழும்பு காலி வீதியால் வெள்ளவத்தை வீட்டுப் பக்கம் நடந்தே வந்தேன். மனைவி எரிவாயு வரிசையில் நின்றாள்.

"ஒபிசில என்னவாம்?"

"ஒண்டுமில்லை."

எனக்குள்ளும் ஒன்றும் இருக்கவில்லை. வரிசை நகர்ந்தபோது வெற்றுச் சிலிண்டரைக் காலால் முன்னே தள்ளினேன்.