மாதாவைக் கடலுக்குக் கொண்டுபோன பிக்கப்

எங்கள் பிக்கப்புக்கு ஒரு நோய் இருந்தது. மேடு பள்ளத்தில் குறுக்காக ஏறினால் முன்சில்லுகளில் ஒன்றைக் காற்றில் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். மின்கம்பத்தைக் கண்ட நாயைப் போல என்று நான் சொல்லப்போய் அம்மாவிடம் குட்டு வாங்கினேன். மாதா ஏறப்போகிற வாகனத்தை நாயோடு ஒப்பிடலாமா என்பது அம்மாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் சொன்னதில் பிழையில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குச் சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்தபிறகு இரண்டாவது திருநாள் வரப்போகிறது. திருநாளின் கடைசி மாலையில் மாதாவின் சுருபத்தைக் கடற்கரைக்கு எடுத்துப்போவார்கள். அங்கே வைத்துச் சுவாமியார் வள்ளங்களை ஆசீர்வதிப்பார். மாதா கடலைப் பார்த்தால்தான் எங்களுக்குத் திருநாள் முடிந்ததாகும். ஆனால் முதல் வருடம் மாதா கோயிலை விட்டு வெளியே வரவில்லை. ஏன் என்று கேட்டேன். பாதை சரியில்லை என்றார்கள். கோயிலுக்கும் கரைக்கும் நடுவே மாரி வெள்ளம் அறுத்துப்போட்ட ஆழமான பள்ளம் ஒன்று கிடந்தது. அதனால் நானும் நம்பினேன்.

இந்த வருடம் எப்படியாவது மாதாவைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கோயில் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, மீன் ஏற்றுகிற எங்கள் பிக்கப்பைத் தரலாம் என்று அப்பா சொன்னார். அதன் நோயைத் தீர்க்க மாமா வந்தார்.

மாமா, அப்பாவின் தங்கையான மாமியைக் கட்டியவர். அவருடைய பெற்றோர் மலையகத்துத் தோட்டத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். சைவக்காரர். வீட்டு முற்றத்திலேயே கராஜ் வைத்திருந்தார். தன்னால் திருத்த முடியாத வாகனத்தை இன்னும் யாரும் செய்யவில்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. எனக்கும் அதே கருத்துத்தான். மாமி வேறு கோயில்காரரைக் கட்டியது ஊரில் சிலருக்கு இன்னும் செரிக்கவில்லை. சுருபத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் மாமி இனி இந்தக் கோயில் வாசலை மிதிக்க முடியாது என்று அம்மா அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு அந்தப் பயம் துளியும் இல்லை.

வேலை தொடங்குகிற அன்று மூப்பர் எங்கள் வளவுக்கு வந்தார். கோயில் காரியங்களெல்லாம் அவர் பொறுப்பில்தான் நடக்கும். பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டார்.

"பதினாறு பேர் காவிற சுருபம், தம்பி. உந்த வாகனம் தாங்குமோ?"

மாமா சிரித்தார். "பதினாறு பேரு எதுக்குங்க மூப்பரே? இது ஒண்ணு போதும். ஆளே வேணாம்."

அப்பா நிலத்தைப் பார்த்தார். மூப்பர் தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்தார், பிறகு விரித்தார், திரும்பவும் மடித்தார். எல்லோரும் மாமாவின் திறமையில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்தநாள் பள்ளிக்கூடத்தில் எங்கள் பிக்கப்புக்கு ஆளே வேண்டாம் என்று எல்லோருக்கும் சொன்னேன். ஆசிரியைக்கும் சொன்னேன்.

மாமா முன்பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நோயை விளக்கினார். சில்லுகளைத் தாங்கும் ஸ்பிறிங் தகடுகள் மீன்பாரத்துக்காக விறைப்பாகச் செய்யப்பட்டவை. ஒரு சில்லு மேட்டில் ஏறினால் மற்றது பள்ளத்துக்குள் தொங்கவேண்டும். இதற்குத் தொங்கத் தெரியவில்லை. விறைத்த தகடுகளில் சிலவற்றை எடுத்துவிட்டு, பழைய லொறியொன்றிலிருந்து நீளமும் மெலிவுமான தகடுகளைக் கொண்டுவந்து வைத்தார். அவற்றின் நுனியைப் பிடித்திருக்கும் இரும்புக் காதுகளை நீட்டி வெல்டிங் பிடித்தார். குலுக்கலை வாங்குகிற குழாய்களுக்குப் பதிலாக பஸ்ஸில் பூட்டுகிற நீளமானவற்றைப் பூட்டினார். சில்லு தொங்கும்போது பிறேக் குழாய் இழுபட்டு அறுந்துவிடும், அரைகுறை மெக்கானிக்குகள் மறக்கிற இடம் அதுதான் என்று சொல்லி, அதையும் நீளமாக மாற்றினார். தான் எதையும் மறக்கிற ஆள் இல்லை என்று முடித்தார்.

பரீட்சைக்கு மண்மூட்டைகள் அடுக்கினோம். அதில் எங்கள் ஊரில் யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. என் கொப்பியில் நாலு தாள் கிழித்து நாலு சில்லும் வந்து நிற்கும் இடங்களில் வைத்துவிட்டு, இடது முன்சில்லை மூட்டைகள் மேல் ஏற்றினார் மாமா. தாளை இழுத்தால் வரக்கூடாது. வந்தால் சில்லு நிலத்தைத் தொடவில்லை என்று அர்த்தம். நான் சுற்றிவந்து ஒவ்வொன்றாக இழுத்தேன். இடது முன்சில்லு என் நெஞ்சு உயரத்தில் நின்றது. வலது முன்சில்லு நன்றாகக் கீழே தொங்கித் தாளை மிதித்துக்கொண்டிருந்தது. ஒரு தாளும் வரவில்லை.

திருநாளன்று நான் சம்மனசு. வெள்ளைச் சட்டை, சரிகைத்தாள் ஒட்டிய இறக்கை. பிக்கப்பின் பின்தட்டில் மாதாவுக்குப் பக்கத்தில் நின்றேன். மாதாவை முன்பக்கம் பார்க்க வைத்து, அப்பா தோணிக் கயிற்றால் பீடத்தை நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தார். சம்மனசு அசையக்கூடாது, கதைக்கக்கூடாது என்பது உத்தரவு. பிக்கப் பள்ளத்தில் ஆமை வேகத்தில் இறங்கி, இடம் வலமாக நெளிந்து, அந்தப் பக்கம் ஏறியது. சில்லு ஒன்றுகூடத் தூக்கவில்லை. மாதா கடலைப் பார்த்தார். சுவாமியார் வள்ளங்களுக்குத் தீர்த்தம் தெளித்தார்.

பிறகு மாமா பிக்கப்பைத் திருப்பத் தொடங்கினார். கூட்டம் ஓவென்று கத்தியது. மூப்பர் ஓடிவந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் நின்றார்.

"திருப்பாதேங்கோ. மாதா கடலுக்கு முதுகு காட்டமாட்டா."

கோயில் வாசல்வரை மாதா கடலைப் பார்த்தபடியே போகவேண்டும். காவுகிறவர்கள் பின்பக்கமாகவே நடந்து போவார்கள். ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் என்பதால் மாமாவுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. எதையும் மறக்காத மாமாவால் தெரியாததை எப்படி நினைவில் வைத்திருக்க முடியும்? வரும்போது இறங்கிய பள்ளத்தின் செங்குத்துக் கரையில் இப்போது பின்பக்கமாக ஏறவேண்டும். பக்கக் கண்ணாடி இரண்டையும் அம்மா கடதாசிப்பூவால் மூடிக் கட்டியிருந்தார். பின்னால் பார்த்துச் சொல்லக்கூடியது பின்தட்டில் நின்ற சம்மனசு மட்டும்தான்.

நான் திரும்பினேன், வாயையும் திறந்தேன். வலப்பக்கம், இன்னும் வலப்பக்கம், நேரே என்று கத்தினேன். இறக்கையில் ஒன்று கழன்று விழுந்தது. மணல் இளகியிருந்ததால் ஊர்ந்து ஏற முடியவில்லை. மாமா எஞ்சினை முறுக்கினார். பாரம் முழுவதும் முன்பக்கம் சாய, இளக்கிய ஸ்பிறிங்குகள் அப்படியே அமுங்கின. மாதா கடலை நோக்கித் தலை குனிந்தார். பெண்கள் அலறினார்கள். அப்பா கட்டிய கயிறு முறுகியது, அறவில்லை. பின்சில்லு இரண்டும் கரையைப் பிடித்தன. மாதா நிமிர்ந்தார். பிக்கப் மேலே நின்றது. சுருபத்தில் ஒரு கீறலும் இல்லை.

மாமாவுக்கு மாலை போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மூப்பர் கையை உயர்த்தினார்.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ, தம்பி."

அவர் பிக்கப்பின் முன்னால் வந்து தோளைக் கொடுத்தார். பிறகு அப்பா வந்தார். சுருபம் காவக்கூடிய ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சம்மனசுக்கு வேறு வேலையில்லாததால் எண்ணினேன். ஒன்பது பேர். அதில் ஒருவர் தன் ஊன்றுகோலைச் சாரதியின் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு வந்திருந்தார். பிறகு, யாரும் கூப்பிடாமலே பெண்கள் வந்தார்கள். முதலாவதாக வந்தவர் மூப்பரின் மருமகள். எந்த இடத்தில் நிற்பது என்று அவர் யோசிக்கவேயில்லை. நேரே மூப்பரின் இடப்பக்கம் போய் நின்றார். எல்லோரும் மாதாவின் முகத்தைப் பார்த்தபடி தள்ளினார்கள். மூப்பர் அழுதார்.

எனக்கு வந்ததே கோபம். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. இவ்வளவு செய்து காட்டியபிறகும் மாமாவை நம்பாமல் கையால் தள்ளுகிறார்களே என்று அழுகை முட்டியது. எஞ்சினைப் போடுங்கோ என்று குனிந்து சொன்னேன். மாமா கதவைத் திறந்து கீழே இறங்கியிருந்தார். ஒரு கை ஸ்ரியறிங்கில், தோள் கதவுச் சட்டத்தில். அவரும் தள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் பெருமை என்று ஒன்று மிச்சமில்லை.

"சும்மா இரு புள்ள," என்றார். "தள்ளட்டும்."

மாமி இன்று கோயில் பெண்கள் சங்கத்தின் தலைவி. அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, சில வருடங்களுக்குப் பிறகு ஒரு திருநாளுக்குக் கோயில் களஞ்சிய அறையைக் கூட்டப்போனபோது கண்ட இரண்டு நீளத் தடிகளைப் பற்றி. ஒவ்வொன்றிலும் எட்டு இடத்தில் தோள் நோகாமல் சாக்குச் சுற்றியிருந்தது. வியர்வை பட்டுக் கறுத்த சாக்கு. முதல் இடம் மூப்பருடையது, அதற்கு அடுத்தது அவருடைய மகனுடையது என்று அம்மா சொன்னார். மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டு யார் யாருடையது என்று சொன்னார். பாதியிலே நிறுத்திவிட்டார்.

அந்தப் பள்ளத்தைப் பற்றியும் அன்றைக்குத்தான் கேட்டேன். அது நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே கிடக்கிறதாம். ஒவ்வொரு திருநாளுக்கும் பதினாறு பேரும் மாதாவோடு அதில் இறங்கி ஏறித்தான் போவார்களாம்.

பாதையில் ஒரு பழுதும் இருக்கவில்லை.