தலையணைக்கு அடியில் ஒரு பெட்டி

அந்தத் தெருவில் எம்பிராய்டரிக்காரி வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தையும் கை காட்டும். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் யார் யார் சட்டைக்கோ பூப்போட்டு அலுத்தவள் அவள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒன்றைப் பழசாக வாங்கி முன்னறையில் போட்டாள். போட்ட வருஷமே ஒரு இடி மழையில் கரண்ட் எகிறி அதன் போர்டு எரிந்துபோயிற்று. அலையாய் அலைந்துதான் வேறு போர்டு கிடைத்தது. இதுவும் போனால் காயலான் கடைக்குத்தான், இந்த மாடலுக்கு இனிமேல் போர்டே வராது என்று மெக்கானிக் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம்தான் யுபிஎஸ் வந்தது. சுவரிலிருந்து வரும் கரண்ட் முதலில் இந்தப் பெட்டிக்குள் போகும், குறைந்தால் உள்ளே இருக்கிற பேட்டரி கைகொடுக்கும், எகிறினால் அடியைப் பெட்டி வாங்கிக்கொள்ளும் என்று எலெக்ட்ரீஷியன் விளக்கினார். நல்ல பெட்டிதான், இல்லையென்று யார் சொன்னார்கள்? ஆனால் சாயங்காலமானால் வோல்டேஜ் படுத்துவிடும். பெட்டி பேட்டரிக்கு மாறும், மாறிய கையோடு பீப் பீப் என்று உயிரை வாங்கும். மாமியார் கண் அசருவதும் அந்த நேரத்தில்தான்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியை அணைத்துவிட்டு, மெஷின் பிளக்கைக் கொண்டுபோய் நேராகச் சுவரில் செருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். மருமகள் அதைப் பார்த்துவிட்டு வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மாமியார் அன்றிலிருந்து அவளிடம் பேசவில்லை. இவளும் வீம்பாகத்தான் இருந்தாள்.

ஒரு சாயங்காலம் மெஷினை ஓடவிட்டுவிட்டு, முடித்த துணிகளைக் கொடுக்கப் பக்கத்துத் தெரு டெய்லர் கடைக்குப் போயிருந்தாள். திடீரென்று கடை விளக்குகள் கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்து பட்டென்று அணைந்தன. வெளியே கம்பியோடு கம்பி உரசிவிட்டதாம். ஒரு வீட்டில் டிவி போச்சு என்றார்கள், அடுத்த வீட்டில் ஃப்ரிட்ஜ். பிளக் சுவரில்தான் இருக்கும், சத்தியமாகச் சுவரில்தான் இருக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ள, வழியில் அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடினாள்.

வாசலிலேயே கருகல் நாற்றம். முன்னறையில் மாமியார் பேயறைந்த மாதிரி நின்றிருந்தார். பெட்டி இருந்த இடத்தில் இரண்டு தலையணைகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. இவள் அவற்றை இழுத்துப் போட்டாள். ஒன்றின் உறை பழுப்பேறியிருந்தது, பெட்டி கரிந்திருந்தது. மெஷினின் பிளக் பெட்டியில்தான் இருந்தது.

"சத்தம் தாங்காமத்தான் தலையணைய வெச்சு அமுக்குனேன். ஆனா நீ சொன்னதுக்கப்புறம் பிளக்க நான் தொடவே இல்லம்மா," என்றார் மாமியார்.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து மெஷினை ஓட்டிப் பார்த்தார். பாதியில் நின்ற பூவை அது சமர்த்தாகத் தைத்து முடித்தது. காற்றுப் போகாமல் பெட்டியை மூடினால் வீடே பற்றிக்கொள்ளும் என்று மாமியாருக்கு ஒரு டோஸ் விட்டார் அவர். இவளுக்கு அது காதிலேயே விழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, போன உயிர் திரும்பி வந்த நிம்மதியில் ஓவென்று அழுதாள்.

"உங்கள என்னெல்லாம் பேசிட்டேன் அத்தை."

"பேசினது பேசினதுதான். எழுந்து முகத்தக் கழுவு," என்றார் மாமியார்.

புதுப் பெட்டி வந்த அன்று சாயங்காலமே வோல்டேஜ் படுத்தது, பெட்டி கத்த ஆரம்பித்தது. இவள் பதறிப்போய் உள்ளறையை எட்டிப் பார்த்தாள்.

"கத்தட்டும் விடு. கத்துற வரைக்கும் நம்ம மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது," என்ற மாமியார், அந்தப் பழுப்பேறிய தலையணையை எடுத்துத் தன் காதில் அமுக்கிக்கொண்டு படுத்தார்.