முகத்தைப் பார்க்காத சாட்சி

எருமப்பட்டிக்கு வடக்கே மூன்று மைல் தள்ளி, கிணற்றுப் பாசனத்தை நம்பி முப்பது வீடுகள் இருந்த ஒரு ஊரில் நாச்சிமுத்துக் கவுண்டர் என்று ஒருவர் இருந்தார். எதையும் சட்டென்று நம்பமாட்டார். வாங்கின விதையில் ஒரு கை எடுத்து முளைக்கப் போட்டுப் பார்த்த பிறகுதான் மீதியை விதைப்பார். விருந்தாளி ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால், எதற்காகத் தங்குகிறான் என்று மனைவி சென்னியம்மாளிடம் தனியாகக் கேட்பார். அடுத்தவர்மேல் இருந்த சந்தேகத்தில் கால்வாசிகூட அவருக்குத் தன்மேல் இருந்ததில்லை. அதனால்தான் 1931-ல் ஒருவன் ஜெயிலுக்குப் போனான்.

அந்த வருஷம் தை மாதம் அவருடைய பங்காளி செங்கோட்டையனின் வண்டி மாடு ஒன்று காணாமல் போயிற்று. விடியும் நேரத்தில் ஒரு ஆள் ஏரிக்கரை வழியாக மாடு ஓட்டிப் போனதை நாச்சிமுத்து தூரத்திலிருந்து பார்த்திருந்தார். பனி மூடியிருந்தது. சிவப்பு முண்டாசு மட்டும் தெரிந்தது. செங்கோட்டையனின் காட்டில் வேலை பார்த்த சடையன் சிவப்பு முண்டாசு கட்டுகிறவன். முந்தின வாரம் அவனுக்கும் செங்கோட்டையனுக்கும் வாய்த்தகராறும் நடந்திருந்தது. காலையில் சடையனாக இருக்கலாம் என்று சொன்ன நாச்சிமுத்து, மத்தியானம் சடையன்தான் என்றார். நாமக்கல்லில் விசாரணை நடந்தபோது முகத்தையே பார்த்ததாகச் சொல்லிவிட்டார். பொய் சொல்கிறோம் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. அதற்குள் பனிக்குள் போன ஆளுக்குச் சடையனின் முகம் வந்துவிட்டிருந்தது.

சடையனுக்கு ஆறு மாதம் கிடைத்தது. அவன் உள்ளே இருந்தபோது, அவன் மனைவி பொன்னாயியின் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்தது. அவன் வெளியே வந்த சில வாரங்களில் மாடு வாழப்பாடிச் சந்தையில் அகப்பட்டது. கிழிந்த காதை வைத்து அடையாளம் கண்டார்கள். விற்க வந்தவன் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். தானே தனியாக ஓட்டிப் போனதாக ஒப்புக்கொண்டான். சடையன் யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை.

நாச்சிமுத்து செங்கோட்டையனிடம் போய், இருவருமாக நாமக்கல்லுக்குப் போய்த் தவறைச் சொல்லிவிடலாம் என்றார். அனுபவித்து முடித்த தண்டனைக்கு இனி எதைச் சொல்ல என்று செங்கோட்டையன் எழுந்து போய்விட்டான். நாச்சிமுத்துவுக்குத் தனியாகப் போகத் தைரியம் வரவில்லை. ஒரு மூட்டை கம்பைச் சடையன் வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் காலையில் அது அவிழ்க்காமல் அவர் வேலியோரம் கிடந்தது.

அன்றிலிருந்து அவர் தனக்கென்று சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வெள்ளிக்கிழமைகளில் பேசாமல் இருந்து பார்த்தார். கிணற்றில் கவலை இறைக்கும் மாடுகள் குரல் கொடுக்காமல் நகர மறுத்ததால் இரண்டே வாரத்தில் அது போயிற்று. கடைசியில் நின்றது, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வது என்பது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படக் கூடாது என்று அதோடு சேர்த்துக்கொண்டார். தன்னைப் பேச வைக்க விரும்புகிறவன் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது பிறகு வந்தது.

சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. பழக்கத்துக்குக் கொண்டுவர இரண்டு வருஷம் ஆயிற்று. நாமகிரிப்பேட்டையில் மழையா என்று யாராவது கேட்டால், அந்தத் திசையில் மேகம் கறுத்திருக்கிறது என்பார். இன்னார் மகள் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாளாமே என்றால், துணி மூட்டையோடு வண்டியிலிருந்து இறங்கினதைப் பார்த்தேன், கோபத்தைப் பார்க்கவில்லை என்பார். கேட்டவர்கள் எரிச்சலோடு போனார்கள். நேராகப் பேசிக்கொண்டிருந்த மனிதன் ஏன் இப்படி வழுக்குகிறான் என்று ஊருக்குச் சந்தேகம் வந்தது. எதையோ மறைக்கிறார் என்றார்கள். பழைய வழக்கில் தன்னைக் காட்டிக்கொடுக்கத் தயாராகிறார் என்று செங்கோட்டையன் நினைத்தான். கவுண்டருக்கு வேறு ஊரில் குடும்பம் இருக்கிறதோ என்று சென்னியம்மாள்கூடக் கொஞ்ச நாள் கவலைப்பட்டாள்.

நாச்சிமுத்துவும் ஒன்றும் மாறிவிடவில்லை. யாரையும் நம்பாத குணம் அப்படியேதான் இருந்தது. சடையன் ஒருநாள் பழிவாங்குவான் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் அரிவாளோடு வேலிப்பக்கம் போனால் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

1937 பங்குனியில், உச்சி வெயிலில், அவருடைய சோளத்தட்டுப் போர் தீப்பிடித்தது. ஒரு வருஷத்துத் தீவனம் அது. கிணற்றடியிலிருந்து ஓடி வந்தவர், கிளுவை வேலியைத் தாண்டி ஒரு ஆள் குனிந்து ஓடுவதைப் பார்த்தார். கறுத்த முதுகு, தலையில் சுற்றின துண்டு. அது சடையன்தான் என்று அவர் மனசு அடித்துச் சொன்னது.

சாயங்காலம் செங்கோட்டையன் போலீஸ் ஏட்டையாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆள் ஓடுகிறான் என்று நாச்சிமுத்து கத்தினதைக் கேட்டவர்கள், பழைய பகையை வைத்துச் சடையனை ஏற்கெனவே பிடித்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். பொன்னாயி சற்றுத் தள்ளி நின்றாள். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. யாரைப் பார்த்தீர் என்று ஏட்டையா கேட்டார்.

"முதுகப் பாத்தனுங்க. மூஞ்சியப் பாக்கலீங்க" என்றார் நாச்சிமுத்து.

"இத்தன வருசமா இந்தாளப் பாக்கறீரு. முதுகு யாருதுன்னு தெரியாதா?"

நாச்சிமுத்து திரும்பி, புகைந்துகொண்டிருந்த சாம்பலைப் பார்த்தார். தெரியும் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்திருந்தது.

"தெரியாதுங்க" என்றார்.

செங்கோட்டையன் காறித் துப்பினான். தன் போருக்குத் தானே தீ வைத்துக்கொண்டாரா என்று ஏட்டையா இரண்டு முறை சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டுக் கிளம்பினார். வேறு சாட்சி இல்லாததால் சடையனை விட்டுவிட்டார்கள். சென்னியம்மாள் அன்று அவருக்குச் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தீவனம் இல்லாமல் நான்கு உருப்படி மாடுகளை நாமகிரிப்பேட்டையில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்கு ஓட்டிவிட வேண்டியிருந்தது. அதில் கறவை எருமை ஒன்று அங்கேயே செத்தது.

பத்து நாள் கழித்துச் சடையன் காட்டுக்கு வந்தான். வரப்பில் நின்றுகொண்டான். நாச்சிமுத்து மண்வெட்டியைக் கையிலிருந்து விடாமல் நிமிர்ந்தார்.

எதற்காகத் தன்னைக் காப்பாற்றினார் என்று அவன் கேட்டான்.

"காப்பாத்தலப்பா. நீதான்னு எம் மனசு இப்பவும் சொல்லுது. மனசு சொல்றத நான் அங்க சொல்லக் கூடாது."

"நாந்தானான்னு நீங்க கேக்கவே இல்லீங்களே, சாமி."

"கேட்டா நீ சொல்றத நம்பமாட்டேன். அப்பறம் எதுக்குக் கேக்கோணும்?"

சடையன் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. நாச்சிமுத்து மண்வெட்டியைக் கீழே வைத்தார். அன்று ஏரிக்கரையில் தான் பார்த்தது முண்டாசை மட்டும்தான், முகத்தைத் தானாகச் சேர்த்துக்கொண்டேன் என்று அவனிடம் முதல்முறையாகச் சொன்னார்.

"அத இந்தக் காட்டுக்குள்ள சொல்லி என்னங்க ஆவுது?" என்றான் சடையன். "எம் பேரு கெட்டது ஊருக்குள்ளங்க."

அவர் மூன்று நாள் யோசித்தார். பிறகு மாரியம்மன் நோன்புக்காக ஊர் கூடியபோது எழுந்து நின்று, கோர்ட்டில் தான் சொன்னது பார்க்காத சாட்சி என்றார். ஆறு வருஷம் கழித்து இதை ஏன் சொல்கிறார் என்று கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. சடையன் மிரட்டியிருப்பான் என்றுதான் பாதிப்பேர் முடிவுகட்டினார்கள். செங்கோட்டையன் அதோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டான். நாச்சிமுத்துவின் மகள் வசந்தாமணியின் கல்யாணத்துக்கும் அவன் வரவில்லை. ஏட்டையா வந்து கேட்ட அந்த நாளைப் பற்றிச் சென்னியம்மாள் ஒருமுறை மட்டும் பேசினாள். "உங்க பேச்ச இப்ப நம்பறனுங்க. ஆனா எருமைய நெனச்சா வவுறு எரியுது" என்றாள்.

சடையன் அதன் பிறகும் அவர் காட்டுக்கு வேலைக்கு வந்ததில்லை. அவரும் கூப்பிடவில்லை. புதுப் போருக்கு முள்வேலி போட்டு ஒரு நாயையும் கட்டி வைத்தார்.

1942-ல் சடையனின் வீட்டு மனைக்கு வம்பு வந்தது. அதை ஒட்டிக் கிழக்கே செங்கோட்டையனின் நிலம். எல்லைக் கல் இடம் மாறியிருக்கிறது என்றான் சடையன். கல் எப்போதும் இங்கேதான் இருந்தது என்றான் செங்கோட்டையன். ரெவின்யூ அதிகாரி வந்து சாட்சி கேட்டபோது, நாச்சிமுத்துக் கவுண்டரைக் கேளுங்கள் என்று சொன்னவன் சடையன். அவர் பெயரைக் கேட்டதும் செங்கோட்டையனுக்கு முகம் சுண்டியது. ஆனாலும் அவர் பொய் சொல்வார் என்று அவனாலும் சொல்ல முடியவில்லை.

நாச்சிமுத்து அந்த இடத்தை இரண்டு முறை நடந்து பார்த்தார். போன ஆடியில் அங்கே எருமை மேய்த்தபோது கல் பூவரச மரத்துக்குக் கிழக்கே இருந்தது, இப்போது மேற்கே இருக்கிறது என்றார். யார் நகர்த்தினது என்று அதிகாரி கேட்டார்.

"அதப் பாக்கலீங்க."

கிழக்கே தோண்டினபோது பழைய குழி மண் பொலபொலவென்று வந்தது. கல்லைத் திரும்ப அங்கேயே நட்டார்கள்.

கூட்டம் கலைந்தது. நாச்சிமுத்து வீட்டுப் பக்கம் நடந்தார். சடையனும் அதே தடத்தில்தான் போக வேண்டும். நன்றி என்று அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வான் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. அவனைப் பின்னால் வரவிட அவருக்கு மனசில்லை. அவரைப் பின்னால் விட்டு முன்னால் நடக்க அவனுக்கும் மனசில்லை. வண்டித்தடம் இரண்டு பேருக்கு அகலமாகத்தான் இருந்தது. தடம் பிரியும் பள்ளத்து முக்கு வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தே போனார்கள்.